பேருந்துகள் மட்டும்

தனி பஸ் பிடிக்கலாம் என்று சொன்னது நான்தான்.

கடலாடியில் நாங்கள் முப்பது பேர் சேர்ந்து அரசுத் தேர்வுக்குப் படித்தோம். தேர்வு மையம் ராமநாதபுரத்தில்; ஒன்பது மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். "கவர்மெண்டு பஸ் ஊருக்கு ஊரு நிக்கும். டூரிஸ்ட் பஸ்னா ஒரே மிதி" என்று பேசிப் பேசியே எல்லாரையும் சம்மதிக்க வைத்தேன். கூடப் படித்த ஓர் அக்கா மட்டும் கடைசிவரை முகத்தைச் சுளித்தார். அவருக்கு வயது வரம்பு முடிகிறது. இதை விட்டால் இன்னொரு தடவை கிடையாது.

அன்றைக்கு ஆடி அமாவாசை என்பது எங்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. தேவிபட்டினத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் கடலில் முழுகப் போகிற காரும் வேனும் டூரிஸ்ட் பஸ்ஸும் ராமநாதபுரத்துக்கு வெளியிலேயே தேங்கி நின்றன. சாலையின் ஒரு பாதியை மட்டும் டிரம் வைத்து, கயிறு கட்டிப் பிரித்திருந்தார்கள். 'பேருந்துகள் மட்டும்' என்று அட்டை. அந்தப் பாதி காலியாகக் கிடந்தது. மணி எட்டு இருபது.

"உள்ள விடுங்கண்ணே. நம்மளும் பஸ்தானே?" என்றேன் டிரைவரிடம்.

"அது நம்மளச் சொல்லல தம்பி" என்றபடியே அவர் வண்டியைத் திருப்பினார். மூக்கு நுழைந்ததுமே பெண் போலீஸ் ஒருவர் கையை நீட்டி நிறுத்தினார்.

பின் சீட்டில் ஒருத்தன் ஆரம்பித்தான்: "பேருந்து என்பது யாது? ஏ, அரசுப் பேருந்து. பி, சுற்றுலாப் பேருந்து. சி, இரண்டும். டி, இரண்டும் இல்லை."

"ஈ, விடை தெரியவில்லை" என்றது இன்னொரு குரல். தெரியாத கேள்விக்கென்றே எங்கள் விடைத்தாளில் அப்படி ஓர் ஐந்தாவது வட்டம் உண்டு. அக்கா சிரிக்கவில்லை.

நான் குதித்து ஓடினேன். "மேடம், பேருந்துன்னுதான போட்டிருக்கு? அரசுப் பேருந்துன்னு போடலயே."

"படிச்ச புள்ளயா?"

"ஆமா மேடம்."

"அதான். ரூட் பஸ்ஸுக்கு மட்டும்தான் இந்த வழி. ஒன்னைய விட்டா அங்கன நிக்கிற அத்தனை டூரிஸ்ட் பஸ்ஸையும் விடணும். விட்டா ரூட் பஸ் எங்க போகும்? பின்னால எடுக்கச் சொல்லு."

அவர் சொன்னது சரிதான். பஸ்ஸிலிருந்து இருபத்தொன்பது பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பின்னாலிருந்து ஹாரன். எங்கள் வண்டி வழியை அடைத்ததால் ஒரு அரசுப் பேருந்து நின்றிருந்தது. கடலாடி பஸ். எங்களுக்கு அரை மணி நேரம் கழித்துக் கிளம்பிய அதே பஸ். படிக்கட்டில் தொங்கியபடி கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"ஏலே, தனி வண்டி ஆபீசருங்களா, வழிய விடுறீகளா?"

அதற்குள் அக்கா ஹால் டிக்கெட்டோடு அவர் பக்கத்தில் போய் நின்றுவிட்டார். "அண்ணே, எங்கள ஏத்திக்கிருங்க. ஒம்பதுக்குள்ள போகணும்."

"ஏறுத்தா. உள்ள தள்ளி நில்லுங்கப்பா, பரீட்சைக்குப் போற புள்ளைக."

முப்பது பேரும் ஏறிவிட்டோம், எப்படி என்று கேட்காதீர்கள். என் தோள் யாருடைய கக்கத்திலோ இருந்தது. எங்கள் டூரிஸ்ட் பஸ் மெதுவாகப் பின்வாங்கி, கார்களுக்குப் பின்னால் போய் நின்றது. நாங்கள் கயிறு கட்டிய பாதையில் ஒரு தடை இல்லாமல் போனோம். கண்டக்டர் வழியெல்லாம் என்னைத்தான் ஓட்டினார். எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டட்டும் என்றிருந்தது.

எட்டு ஐம்பதுக்கு கேட் திறந்தே இருந்தது. அக்கா முதல் ஆளாக நுழைந்தார். திரும்பிப் பார்த்து, "சாயந்தரம் நான் ரூட் பஸ்லதான் வருவேன்" என்றார்.

தேர்வில் நாலாவது கேள்வியே தெரியவில்லை. ஈ என்ற வட்டத்தை நிம்மதியாகக் கறுப்பாக்கினேன்.