பஸ்ஸில்தான் வருவேன்

சந்தேகம் என் கூடப் பிறந்தது. சின்ன வயதிலேயே பால் சொம்பில் விரலை விட்டு, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பேனாம். ஆமாம், நான் அப்படித்தான். எழுபதுகளின் கடைசியில் ஒரு தகரப் பெட்டியோடும் கட்டுச்சோறு வைத்த தூக்குச் சட்டியோடும் சுபாங் விமான நிலையத்தில் தனியாக வந்து இறங்கிய அன்று, அந்தக் குணம் ஒன்றுதான் எனக்குத் துணை.

கல்யாணம் நாமக்கல் பக்கம் எங்கள் ஊரிலேயே நடந்து முடிந்திருந்தது. மாப்பிள்ளை கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்து லோரி ஓட்டுகிறவர். ஒரு மாதம் என்னோடு இருந்துவிட்டுத் திரும்பிவிட்டார். என் பயணத்துக்கான காகிதங்கள் கைக்கு வர ஆறேழு மாதம் ஆயிற்று. விமான நிலையத்துக்குத் தானே வந்து நிற்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் ஊர்ப் பெண்கள் என் காதில் ஓதித் தள்ளிவிட்டார்கள். மலேயாவில் தனியாக இறங்குகிற பெண்ணை எவனாவது சொந்தக்காரன் என்று சொல்லிக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விடுவானாம், அதோடு அவள் கதை முடிந்ததாம். அம்மா கிளம்பும்போது சொன்னதும் அதுதான்.

"மாப்பிள்ளை இல்லாம எவன் கூப்பிட்டாலும் கார்ல ஏறிடாதடி. நாலு பேரு இருக்கிற பஸ்ல ஏறு."

வெளியே வந்து பார்த்தேன். அவர் இல்லை. மாலையும் கையுமாக நின்ற கூட்டத்தை மூன்று தடவை கண்ணால் அலசினேன். அப்போதுதான் ஒரு மனிதர் வந்து என்னிடமிருந்து மூன்று முழம் தள்ளி நின்றார். அந்த வேகாத வெயிலில் கம்பளிக் கோட்டு போட்டிருந்தார். வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த தூணைப் பார்த்துப் பேசினார்.

"தம்பியால வர முடியல. அண்ணன் வந்திருக்கு. கிளம்பலாம்."

என் கணவருக்கு ஓர் அண்ணன் உண்டு என்பது தெரியும். கணவரின் அண்ணனை நாங்கள் மூத்தார் என்போம். லீவு கிடைக்காமல் அவர் கல்யாணத்துக்கு வரவில்லை. அவருடைய போட்டோவைக்கூட நான் பார்த்ததில்லை. முகச்சாடையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், இந்த ஆள் முகத்தை நிமிர்த்தினால்தானே? பாதி நேரம் தரையைப் பார்த்தார், மீதி நேரம் தூணைப் பார்த்தார். திருட்டு முழி என்றே முடிவு கட்டினேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு டாக்சிக்காரர் நெருங்கினார். நம் ஆள், நெற்றியில் விபூதி. "தெக்சி வேணுமாண்ணே? கோலாலம்பூருக்குச் சுருக்கா போயிரலாம் லா" என்று அந்த ஊர்ப் பேச்சில் 'லா' போட்டு இழுத்தார். மூத்தார் என்று சொல்லிக்கொண்டவர் அவரைத் தள்ளிக் கூட்டிப்போய் ஏதோ கிசுகிசுத்தார். டாக்சிக்காரர் 'ஐயோ' என்பது போல வாயசைத்துவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தார். இரண்டு ஆண்கள் ஓரமாக நின்று ஒரு பெண்ணைப் பார்த்துப் பார்த்துப் பேசினால் அதில் என்ன நல்லது இருக்க முடியும்?

டாக்சிக்காரர் தேன் ஒழுக வந்தார். "தங்கச்சி, பயப்படாத. வண்டியில ஏறு. போய்க்கிட்டே பேசிக்கலாம்."

"எங்க வீட்டுக்காரர் ஏன் வரலைன்னு அவரைக் கேளுங்க" என்றேன்.

தூணிடமிருந்து பதில் வந்தது. "வேலை. லோரி வேலை." சொல்லும்போதே அவருக்கு நாக்கு குழறியது. பொய் சொல்லவும் ஒரு பழக்கம் வேண்டும். அது அவருக்கு இல்லை.

"போய்க்கிட்டே எல்லாம் சொல்றேன் தங்கச்சி" என்று டாக்சிக்காரர் பெட்டியில் கை வைத்தார். நான் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறந்ததிலிருந்து என்னைத் தெரிந்தவர் மாதிரி என்ன தங்கச்சி, என்ன கொஞ்சல்?

"நான் பஸ்ஸுலதான் வருவேன். அவர்கிட்ட சொல்லிடுங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "தெக்சின்னா இவரு..." என்று மூத்தார் தூணிடம் ஏதோ ஆரம்பித்தார். முடிக்கவில்லை. நான் எழுந்து, பட்டணத்துக்குப் போகிற பஸ் எங்கே நிற்கிறது என்று ஒரு மலாய்க்காரப் போலீஸ்காரரிடம் கையைக் காட்டிக் கேட்டு, நடக்க ஆரம்பித்தேன். மூத்தார் பின்னால் வந்தார். என் பெட்டியை இடது கையால் தூக்கிக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்தார். வலது கை பையை விட்டு வரவே இல்லை. அதற்குள் என்ன வைத்திருக்கிறாரோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பின்னால் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டேன். பெட்டியைப் பக்கத்து இருக்கையில் வாங்கி வைத்தேன், யாரும் உட்கார முடியாதபடி. பாதிப் பஸ் காலி. ஆனால் அவர் உட்காரவில்லை. கடைசியில் போய், இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ்ஸில் மலாய்க்காரர்களும் சீனர்களும்தான், தமிழ் முகம் ஒன்றுகூட இல்லை. அவர் ஒவ்வொரு முகமாகத் தேடிப் பார்த்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டார். கூட்டாளியைத் தேடுகிறாரோ என்று அதையும் கணக்கில் வைத்துக்கொண்டேன்.

ஒரு வளைவில் பஸ் குலுங்கியது. விழப் பார்த்தார், ஆனாலும் அந்தக் கை வெளியே வரவில்லை. டிக்கெட் கேட்டு வந்த மலாய்க் கண்டக்டரிடம் மலாயில் ஏதோ சொன்னார். பிறகு அதே கண்டக்டரைப் பார்த்துச் சுத்தத் தமிழில் சொன்னார், "வெயில் அடிக்குது, ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கச் சொல்லுங்க." கண்டக்டர் திருதிருவென்று விழித்தார்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. என் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தால் இப்படித்தான். என் அம்மா எதிரிலேயே நின்றாலும் மாட்டுக் கொட்டகைக் கம்பத்தைப் பார்த்து, "தண்ணி கொண்டாரச் சொல்லு" என்பார். தம்பி மனைவியின் முகத்தைப் பார்க்க மாட்டார், நேராகப் பேச மாட்டார், அவள் இருக்கிற வரிசையில் உட்கார மாட்டார். ஏமாற்ற வந்தவனாக இருந்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பான், தங்கச்சி என்று உருகியிருப்பான். இந்த மனிதர் கண்டக்டரிடம் தமிழில் பேசுகிறார் என்றால், சத்தியமாக இவர் என் மூத்தார்தான். இதை எவனாலும் நடிக்க முடியாது.

பாரம் இறங்கியது என்று நினைக்கிறீர்களா? இறங்கவில்லை. சொந்த மூத்தாராகவே இருந்தால் என்னிடம் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? என் புருஷன் எங்கே?

பட்டணத்து நடுவில் புடுராயா பஸ் நிலையத்தில் இறங்கினோம். ஒரே புகை, ஒரே கூச்சல். பெட்டியை ஒரு தூணருகே வைத்துவிட்டு, "இங்கேயே இருக்கச் சொல்லு" என்று அந்தத் தூணுக்குக் கட்டளையிட்டுவிட்டு அவர் வேகமாக நடந்தார். கச்சாங் என்கிற வறுகடலை விற்றுக்கொண்டிருந்த ஒரு தமிழ் அம்மாவிடம் போய் நின்றார். குனிந்து பேசினார். அந்த அம்மா கடலை அளந்த கையை அப்படியே நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு கூடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"உக்காரு கண்ணு" என்றார்.

"நின்னுக்கிட்டே கேக்குறேன்."

"உன் மூத்தாரு பாவம், சொல்ல ஒரு ஆளில்லாம தவிச்சுப் போயிட்டாரு லா. அந்தத் தெக்சிக்காரரை விட்டு வழியில சொல்லச் சொன்னாராம், நீ ஏறலியாம். பஸ்ஸுல நம்ம ஆளு ஒருத்தரும் இல்லியாம். உன் வீட்டுக்காரரு லோரி மழையில சறுக்கி விழுந்திருச்சு. மலை மேல தானா ராத்தா ஆஸ்பத்திரியில இருக்காரு. காலு ஒடிஞ்சிருக்காம். பயப்பட ஒண்ணும் இல்லியாம்."

முறையாவது, வழக்கமாவது. நேராக மூத்தார் எதிரில் போய் நின்றேன். "உயிரோட இருக்காரா?" என்று கேட்டேன்.

அவர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. என் கணவருக்கு இருக்கும் அதே அடர்ந்த புருவம். "இருக்கான்மா. காலுதான். சாமி சத்தியமா" என்றார். உடனே தலை குனிந்துகொண்டது.

"மலையடிவாரத்துத் தாப்பாவுக்குப் பஸ் இருக்காம், ஆனா லேட்டாகுமாம்" என்றார் கச்சாங் அம்மா. "டாக்சியே பிடிக்கச் சொல்லுங்க" என்றேன். அம்மாவின் புத்திமதி அங்கேயே காற்றில் போயிற்று.

ஒரு சீனக் கிழவரின் டாக்சி கிடைத்தது. நான் பின்னால், மூத்தார் முன்னால். பாதி வழியில் தூக்குச் சட்டியைத் திறந்து, அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைக் கொஞ்சம் இலையில் வைத்து முன்னால் நீட்டினேன். "சாப்பிடச் சொல்லுங்க" என்றேன் சீனக் கிழவரிடம். எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. கிழவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பசிக்கல" என்றார் மூத்தார்.

தாப்பாவில் டாக்சி நின்றது. கிழவர் மீ என்கிற நூடுல்ஸ் சாப்பிட்டார், காப்பி குடித்தார். மூத்தார் ஒரு வாய் தேநீர்கூட வாங்கிக்கொள்ளவில்லை. வண்டிக்கு வெளியே முதுகைக் காட்டி நின்றார். காலையிலிருந்தே ஒன்றும் சாப்பிடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. எங்கள் ஊரில் ஆம்பளைகள் இப்படி வாயை நனைக்காமல் நிற்பது ஒரே இடத்தில்தான். சாவு வீட்டில், பிணத்தை எடுக்கிற வரையில். சாமி சத்தியம் என்று என்னைத் தேற்றப் பொய் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான்.

மலைப்பாதையில் வண்டி வளைந்து வளைந்து ஏறியது. ரிங்லெட் வந்தது, ஏரி வந்தது, குளிர் வந்தது. நான் எதையும் பார்க்கவில்லை. தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்தக் கம்பளிக் கோட்டின் முதுகையே வெறித்துக்கொண்டிருந்தேன். அந்த முதுகை அன்று வெறுத்தேன், அடிவயிற்றிலிருந்து வெறுத்தேன்.

ஆஸ்பத்திரி வார்டில் கடைசிக் கட்டிலில் என் கணவர் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். நான் நம்பவில்லை. போர்வையை இழுத்துப் பார்த்தேன். இரண்டு காலும் இருந்தன, ஒன்று மாவுக்கட்டில். தொட்டுப் பார்த்தேன், சுட்டது.

"என்னடி, லோரி டயர் மாதிரி செக் பண்றே?" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதேன்.

அந்நேரம் வாசல் பக்கம் நர்ஸ் சத்தம் போடுவது கேட்டது. தோட்டத்தில் நர்ஸை மிஸ்ஸி என்பார்கள். "யாரைக் கேட்டுப் போனீங்க? கட்டு மாத்தணும்னு சொன்னேனா இல்லியா? கையைக் காட்டுங்க."

மூத்தார் கோட்டைக் கழற்றினார். பையிலிருந்து அந்த வலது கை கடைசியில் வெளியே வந்தது. விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் கட்டு, நடுவில் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது.

"அண்ணனும் லோரியில எங்கூடத்தான் இருந்துச்சு" என்றார் என் கணவர். "வேற யாரையாச்சும் அனுப்பலாம்னேன், கேக்கல. புதுப் பொண்ணு, தெரியாத ஆளு கூட எப்படி வரும்னு கிளம்பிருச்சு. கட்டோட போனா நீ பயந்துருவேன்னு கோட்டைப் போட்டுக்கிச்சு."

இடது கையால் பெட்டி தூக்கலாம், கம்பி பிடிக்கலாம். தம்பி பெண்டாட்டி கொடுத்த சோற்றை அவள் கண் முன்னால் இடது கையால் அள்ளித் தின்ன முடியுமா, தேநீர்க் கோப்பையைத்தான் இடது கையால் வாங்க முடியுமா? நாள் முழுக்கப் பட்டினி கிடந்திருக்கிறார் மனிதர்.

மிஸ்ஸியிடம் ஒரு கரண்டி வாங்கினேன். தூக்குச் சட்டியைத் திறந்து, கரண்டியைச் சோற்றில் குத்தி, வாசல் பெஞ்சியில் அவருக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டேன்.

"சாப்பிடச் சொல்லு" என்றேன், சுவரைப் பார்த்து.

அப்புறம் சட்டியில் கரண்டி உரசுகிற சத்தம் கேட்டது. அது நிற்கிற வரைக்கும் நான் திரும்பவில்லை.