சிவப்பு எந்த வரியில் இருக்கிறது?

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, மழைக்காலம். திண்டிவனத்தில் ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு சின்னத் தெருவில் நாங்கள் குடியிருந்தோம். அந்த வீட்டு முன்னறையில், பட்டப்பகலில், ஒரு கம்ப்யூட்டரின் எதிரே நான் உட்கார்ந்திருந்த கதை இது.

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆனால் தயவுசெய்து யாரும் ‘ஐயோ பாவம்’ என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அதைக் கேட்டால் எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்காது. எங்கள் வீட்டில் என் கோபத்துக்குத் தனிப் பட்டப்பெயரே உண்டு. அதை இங்கே சொல்வதாக இல்லை.

அப்போதுதான் எனக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. வெளிநாட்டு டாக்டர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் காதில் கேட்டு டைப் அடித்து அனுப்ப வேண்டும். கம்பெனி புதுச்சேரியில். வேலை வீட்டிலிருந்தே. கேட்பதும் டைப் அடிப்பதும்தானே, இதற்குப் பார்வை எதற்கு என்று நான் சண்டை போடாத குறையாகப் பேசி வாங்கிய வேலை. முதலில் சோதனைக் காலம். என்னை எடுத்த மேற்பார்வையாளர் அம்மா போனில் ஒன்று சொன்னார். “பார்வை இல்லாதவங்கள எடுக்கறது எங்களுக்கு இதுதான் முதல் தடவைம்மா. நீங்க நல்லா பண்ணிட்டா, அடுத்து இன்னும் நாலு பேருக்கு நான் தைரியமா கேப்பேன்.” நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் பார்வையற்றோர் பள்ளியில் என்னோடு படித்த தோழிகள் நாலு பேரை என் தோளில் ஏற்றிவைத்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

என் கம்ப்யூட்டரில் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று இருந்தது. ஒரு பெண் குரல். விசையைத் தட்டினால் எழுத்தைச் சொல்லும், ஃபைலைத் திறந்தால் வாசிக்கும். டாக்டர் பேச்சையும் அந்தக் குரலையும் ஒன்றாக ஓட்ட மெமரி போதவில்லை. குரல் மூச்சிரைக்க ஆரம்பித்தது. அதனால் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், கம்ப்யூட்டரை வாங்கிய கடையிலேயே, பழைய மெமரியைக் கொடுத்துவிட்டுப் புதிதாகப் பெரியது ஒன்று போட்டோம். அன்று பிடித்தது சனியன்.

குரல் பேசிக்கொண்டே இருக்கும். திடீரென்று ஒரே எழுத்தில் சிக்கிக்கொண்டு ‘பபபபப’ என்று அடித்துக்கொள்ளும். அப்புறம் மயான அமைதி. அடித்த அத்தனையும் போச்சு. சில நாள் காலையில், சில நாள் மதியத்தில். எப்போது போகும் என்று தெரியாததுதான் பெரிய கொடுமை. வரிக்கு வரி சேமித்துக்கொண்டே அடித்தேன். சேமிக்கும்போதே செத்த நாளும் உண்டு.

அப்பா அரசு பஸ் கண்டக்டர். தன் டியூட்டி பஸ்ஸிலேயே, டிரைவர் பக்கத்து எஞ்சின் பெட்டி மேல் கம்ப்யூட்டரை ஏற்றி, என்னையும் கூட்டிக்கொண்டு விழுப்புரம் போனார். கடைக்காரர் போட்டுப் பார்த்தார். ஓடியது. ஓடத்தான் செய்யும், டாக்டர் பேச்சும் இல்லை, குரலும் இல்லை, சும்மா இருந்தால் அது சாதுதான். வீட்டுக்கு வந்து இரண்டையும் ஓட்டினால் பழைய குருடி கதவைத் திறடி. மறுபடி போனோம். “ஸ்கிரீன்ல இன்னா வந்துச்சு?” என்று கடைக்காரர் என்னைக் கேட்டார். வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால் அப்பாவுக்குத் தர்மசங்கடமாகியிருக்கும். பிறகு அவர் அப்பாவின் பக்கம் திரும்பி, “அந்தப் பேசற சாப்ட்வேரை எடுத்துடுங்க சார், எல்லாம் சரியாப் பூடும். பொண்ணுகிட்ட சொல்லுங்க” என்றார். பொண்ணு அவருக்கு எதிரேதான் நின்றுகொண்டிருந்தாள். கண்ணைப் பிடுங்கிப் போட்டால் தூசி விழாது என்று சொல்வதைப் போல இருந்தது எனக்கு.

இரண்டு முறை வேலையை நேரத்துக்கு அனுப்ப முடியவில்லை. மேற்பார்வையாளர் அம்மாவின் குரலில் இருந்த ஈரம் காய்ந்துகொண்டே வந்தது எனக்குத் தெரிந்தது. குரலைக் கேட்டே பிழைப்பவளுக்கு இது தெரியாதா? கடைசியில் சொல்லிவிட்டார்: “நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள ஃபைல் வரலேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா.”

அந்த ‘நாளை’தான் நான் சொல்ல வந்த நாள். அம்மா வளவனூரில் அக்காவின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். அப்பா விடியற்காலையிலேயே டியூட்டிக்குப் போய்விட்டார், இருட்டிய பிறகுதான் வருவார். நான் காலையிலிருந்து அடிப்பதும் போவதும் மறுபடி அடிப்பதுமாக இருந்தேன். பத்து மணி வாக்கில் என் பள்ளித் தோழி சென்னையிலிருந்து போன் செய்தாள். அவளுக்கும் பார்வை இல்லை. கம்ப்யூட்டர் பற்றி நன்றாகத் தெரிந்தவள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “உன் மதர்போர்டு பழசு, மெமரி புதுசு. மெமரி தன்னோட வேகம் இவ்வளவுன்னு பீத்திக்குது, போர்டும் அதை நம்பி அந்த வேகத்துலயே ஓட்டுது. தாங்காம விழுது. மெஷின் ஆரம்பிக்கும்போதே டெலீட் விசையைத் தட்டி செட்டிங்ஸ் உள்ள போ. அங்க ‘சிப்செட்’னு ஒரு வரி, அதுக்குள்ள ‘டிராம்’னு மெமரியோட வரி இருக்கும். மெமரி வேகத்தை இருநூறுலேர்ந்து நூத்தி அறுபத்தாறுக்கு எறக்கு. வேற எதையும் தொடாதே.”

எவ்வளவு சுலபம்! ஒரே ஒரு சிக்கல். அந்த செட்டிங்ஸ் திரை விண்டோஸ் வருவதற்கு முன்பே வருவது. அங்கே எனக்குப் படித்துச் சொல்லும் குரல் வராது. போர்டுக்குப் போர்டு வரிசையும் மாறும் என்பதால் தோழியாலும் எண்ணிக்கை சொல்ல முடியவில்லை. குருட்டாம்போக்கில் தட்டி, வேறு எதையாவது மாற்றிவிட்டால் மெஷினே கிளம்பாமல் போகலாம். (‘குருட்டாம்போக்கு’ என்று சொல்லி இரண்டு பேரும் சிரித்தோம், அவ்வளவு பதற்றத்திலும்.)

கண்ணுள்ள ஓர் ஆள் வேண்டும். பக்கத்து வீட்டார் முகையூர் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய் வீடு பூட்டிக் கிடந்தது. எதிர் வீட்டில் இருப்பவருக்குக் கண்புரை. சரியான ஜோடி. வாசலுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடந்தேன். மறுபடி நடந்தேன். தெருவில் போகிறவரைக் கூப்பிடலாமா? தனியாக இருக்கிற வீட்டில் யாரை என்று நம்பிக் கூப்பிடுவது?

அப்போதுதான் தெருமுனையில் சிலிண்டர்கள் இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் எங்கள் வாசலில், “கேஸுங்க!”

சிலிண்டரை உருட்டி வைத்துவிட்டுக் காலி சிலிண்டரைத் தூக்கினார். புது ஆள், அதுவரை கேட்காத குரல். எப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. “அண்ணா, உங்களுக்கு இங்கிலீஷ் படிக்க வருமா?”

அவர் நின்றார். “எழுத்து எழுத்தா படிப்பேம்மா. சேத்து வச்சா இன்னான்னு தெரியாது.”

“எழுத்து போதும்ண்ணா.”

விஷயத்தைச் சொன்னேன். வாசல் கதவை விரியத் திறந்து வைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் முதலில் சொன்னது இதுதான். “நான் எதையும் தொட மாட்டேம்மா. கையெல்லாம் துரு. எதனா ஆயிப்போச்சுன்னா அப்புறம் பேஜாரு. நீங்களே தட்டுங்க, நான் பாத்துச் சொல்றேன்.”

அதுவரை எனக்கு உதவ வந்த கண்ணுள்ளவர்கள் அத்தனை பேரும் முதல் வேலையாக என் கையைத் தள்ளிவிட்டுத் தாங்களே விசையைத் தட்டியவர்கள். கடைக்காரர் உட்பட.

மெஷினைப் போட்டேன். கிளம்பும்போது ‘பீப்’ என்று ஒரு சின்னச் சத்தம் வரும். வந்ததும் டெலீட் விசையைத் தட்டினேன். முதல் தடவை தப்பி விண்டோஸ் இசை வந்துவிட்டது. அணைத்துவிட்டு மறுபடி போட்டு, விடாமல் தட்டினேன். அப்புறம் ஃபேன் சத்தம் மட்டும். செத்துப்போன கம்ப்யூட்டருக்கும் இந்த இடத்துக்கும் எனக்கு வித்தியாசமே இல்லை.

“வந்துச்சும்மா. நீலமா கீது. நெறைய வரி கீது.”

“எல்லா வரியும் ஒரே மாதிரி இருக்குதாண்ணா? ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருக்குதா?”

“மொத வரி மட்டும் செகப்புக் கட்டத்துல கீது.”

கீழ் அம்பு விசையை ஒரு முறை அழுத்தினேன். “செகப்பு எறங்கிச்சு,” என்றார். எனக்குள் ஏதோ துள்ளியது. சிவப்பு என்றால் அதுவரை எனக்கு மிளகாய்ப் பழத்தோடும் தக்காளியோடும் ஒட்டிக்கொண்டு வரும் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். இப்போது நான் தட்டினால் அது நகர்கிறது.

ஒவ்வொரு வரியாக எழுத்துக் கூட்டிக்கொண்டே வந்தார். வேர்வையும் இரும்பும் கலந்த வாசனை, பின்னால் கொஞ்சம் தள்ளி. ‘சி, ஹெச், ஐ, பி’ என்று வந்ததும் உள்ளே போனேன். அங்கே இன்னொரு பட்டியல். ‘டி, ஆர், ஏ, எம்’ என்று ஆரம்பிக்கும் வரியைத் தேடினோம். அப்படி மூன்று நான்கு வரி இருந்தது, ஒவ்வொன்றையும் முழுக்க எழுத்துக் கூட்டச் சொன்னேன். கடைசியில் சரியான வரியில் நின்று எண்டர் தட்டியதும், “நம்பரா வருதும்மா. நூறு, நூத்தி முப்பத்திமூணு...” என்று அவர் ஆரம்பிக்கவும், வெளியே ஒரு வேன் விடாமல் ஹாரன் அடிக்கவும் சரியாக இருந்தது.

“தோ வர்றேம்மா. வண்டிய ஓரங்கட்டிட்டு வந்துடறேன்.”

போய்விட்டார். சிலிண்டர் வண்டி நகரும் சத்தம் கேட்டது. ஓரங்கட்டுகிற சத்தமாக இல்லை அது. தெருவோடு போய்க்கொண்டே இருந்தது. மூலை திரும்பியது. அடங்கியது.

கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டேன். எந்த விசையில் விரல் பட்டாலும் சிவப்பு எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மழை தூற ஆரம்பித்தது. அவருக்கு என்ன வந்தது, ஊர் முழுக்க கேஸுக்குக் காத்திருக்கிறார்கள், யாரோ ஒருத்தியின் கம்ப்யூட்டருக்கு யார் திரும்பி வருவார்கள்? முதலில் அவர் மேல் ஆத்திரம் வந்தது. அப்புறம் கூப்பிட்ட என் மேல். பிறகு அந்த நாலு பேரின் ஞாபகம் வந்தது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்தேன். அழுதேன். கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கவும் பயம், விசைப்பலகையில் பட்டுவிடுமோ என்று.

செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது.

“வேன் திரும்ப எடமே இல்லம்மா. அந்தக் கோடி வரைக்கும் தள்ளிக்கினு போய் உட்டுட்டு ஓடியாறேன்.” மூச்சு வாங்கியது அவருக்கு. குனிந்து பார்த்திருக்க வேண்டும். “பயப்படாதீங்க. செகப்பு அங்கயேதான் கீது. நவுரவே இல்ல.”

அதற்குப் பிறகுதான் கையைத் தூக்கிக் கண்ணைத் துடைத்தேன்.

நூற்று அறுபத்தாறில் சிவப்பை நிறுத்தி எண்டர் தட்டினேன். சேமித்து வெளியே வர எஃப் பத்து. “கேள்வி கேக்குதும்மா.” ஆமாம் என்பதற்கு ஒய், எண்டர். எல்லாம் அடங்கியது. நான் மூச்சு விடவில்லை, அவரும் விடவில்லை என்றே நினைக்கிறேன். பிறகு ‘பீப்’. பிறகு விண்டோஸ் இசை. பிறகு என் கம்ப்யூட்டரின் குரல், கணீரென்று.

அவர் துள்ளிவிட்டார். “யாரும்மா அது? பொம்பள பேசறாங்க!”

“அவங்கதான் எனக்குப் படிச்சுக் காட்டறவங்க. இவ்ளோ நேரம் அவங்க வேலையத்தான் நீங்க பாத்தீங்க.”

டாக்டர் பேச்சையும் குரலையும் சேர்த்து ஓட்டினேன். வழக்கமாகச் சிக்கும் இடம் வந்தது, தாண்டியது. “ஜல்தி போவணும்மா, திட்டுவாங்க” என்று கிளம்பினார். தண்ணீர் குடியுங்கள் என்றதற்கும் நிற்கவில்லை. அவர் போன பிறகுதான் உறைத்தது, அந்த மனிதர் ஒரு தடவைகூட ‘பாவம்’ என்று சொல்லவில்லை.

அன்று பிற்பகல் முழுக்கக் குரல் ஒரு விநாடி நின்றாலும் என் இதயமும் நின்றது. அது ஒரு தடவையும் சாகவில்லை. சாயங்காலத்துக்குள் ஃபைலை அனுப்பினேன். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் அனுப்பினேன். வேலை நிலைத்தது. மேற்பார்வையாளர் அம்மா சொன்ன சொல் தவறவில்லை, என் பள்ளியிலிருந்து அடுத்து ஒருத்தியை எடுத்தார், பிறகு இன்னொருத்தியை. விழுப்புரம் கடைக்காரர் ஒரு நாள் பஸ்ஸில் அப்பாவைப் பார்த்து, அந்த சாப்ட்வேரை எடுத்துவிட்டீர்களா என்று கேட்டாராம். “இல்ல, நல்லா பேசிக்கினுதான் இருக்குது” என்று சொல்லி அப்பா டிக்கெட் கிழித்துக் கொடுத்தாராம்.

கேஸ் அண்ணா அதற்குப் பிறகும் சிலிண்டர் கொண்டுவருவார். வாசலில் நின்றே, “உள்ள பேசறவங்க சௌக்கியமா?” என்று கேட்பார். நானும் சௌக்கியம் என்பேன்.

நாங்கள் வீடு மாறிப் பல வருடம் ஆகிவிட்டது. வேலையில், வாழ்க்கையில், அடுத்து எந்த விசையைத் தட்டுவது என்று தெரியாமல் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்காரும் நேரங்கள் இன்றும் வருகின்றன. அப்போதெல்லாம் மூச்சு வாங்க ஓடிவந்த அந்தக் குரல்தான் காதில் கேட்கும். ஊரில் எல்லோருக்கும் சிவப்பு ஒரு நிறம். எனக்கு அது நான் நிற்கும் இடம், ஒருவர் திரும்பி வந்து ‘நகரவில்லை’ என்று பார்த்துச் சொன்ன இடம்.