பொத்தானை விடாத விரல்

மண்சரிவில் வட்டகொடைப் பாதை அறுந்த மூன்றாம் நாள், இரண்டு ஹெலிகொப்டர்கள் எங்கள் தோட்டத்து மைதானத்துக்கு அரிசி கொண்டுவந்தன. விமானிகளோடு பேசும் ரேடியோ தோட்ட அதிகாரியான என்னிடம் இருந்தது. பெயர் கூப்பிடும்வரை கலையக்கூடாது என்று சொல்லி, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் நிற்பதுபோல் சனங்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தேன். எதையும் நேரத்தோடு குறித்துவைப்பது என் பழக்கம்.

மணி 10.42. "எஞ்சின் நிற்கிறது," என்றார் முதல் விமானி. குறிப்பேட்டைத் திறந்து, ரேடியோவின் பொத்தானை அழுத்தியபடி, "எங்கே இருக்கிறீர்கள்? என்ன ஆயிற்று? உயரம் எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டே போனேன். நான் அழுத்தியிருக்கும்வரை அவர் குரல் எனக்குக் கேட்காது.

"சேர், விடுங்க அத! அவரு பேச வேணாமா?" கொழுந்து பறிக்கும் லெச்சுமி என் கையைத் தட்டிவிட்டார்.

"...ஆட்களை அகற்றுங்கள்!" என்ற விமானியின் குரல் அப்போதுதான் கேட்டது.

நேரமில்லை. பெயர் கூப்பிடாததால் வரிசை அப்படியே நின்றது. அதைக் கண்ட விமானி ஹெலிகொப்டரைத் தேயிலைச் சரிவுக்குத் திருப்பினார். விசிறி செடிகளை வேரோடு பிய்த்தெறிந்தது. ஒடிந்த விசிறித் தகடு தொழிலாளர் குடியிருந்த லயத்துக் கூரையைக் கிழித்துப் போனது. இழுத்தெடுத்தபோது அவர் நெஞ்சு நசுங்கியிருந்தது. மூச்சில்லை.

அவ்வளவு நேரமும் இரண்டாவது விமானி மேலே வட்டமிட்டபடி ரேடியோவில் ஒரு சொல்லும் பேசவில்லை. இறந்தவர் அவருடைய நண்பர். இறங்கிவந்தவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"எனக்கும் அவனைக் கூப்பிடத் தோன்றியது," என்றார் சிங்களத்தில். "ஆனால் ரேடியோவில் அந்த நேரம் அவனுடையது."

அன்றைய பக்கத்தில் ஒரு வரிதான் இருக்கிறது: 10.42, நான் பேசிக்கொண்டிருந்தேன்.