உயிரோடு இருப்பவரின் கடைசி ஓவியம்

போன கிழமை கனடாவிலிருந்து என் வகுப்புத் தோழன் ரவி ஒரு படம் அனுப்பினான். ஆன்லைன் ஏலத்தில் எடுத்த ஓவியமாம். பனங்கூடலுக்கு நடுவில் ஒரு சைக்கிள். மூலையில் எங்கள் சித்திர வாத்தியார் குகன் மாஸ்டரின் கையெழுத்து. ‘போரில் மறைந்த யாழ்ப்பாண ஓவியரின் கடைசிப் படைப்பு’ என்று விற்றவனின் குறிப்பு வேறு. “பாக்கப் பாக்க அழுகை வருது மச்சான்” என்று எழுதியிருந்தான்.

எனக்கோ தலை சுற்றியது. மாஸ்டரை அதற்கு முதல் நாள்தான் நீர்வேலிச் சந்தியில் கண்டு கதைத்தேன்!

போர்க் காலத்தில் வன்னிக்கு இடம்பெயர்ந்து போன மனிதர் திரும்பி வந்து எத்தனையோ வருடமாயிற்று. ஒரு போன் எடுத்து விசாரிக்க முடியாதா? ஏலம் கேட்க மட்டும் நேரம் இருக்கிறது…

நேரே அவர் வீட்டுக்குப் போய்க் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “உது நான் கீறினதில்லையடாப்பா. சைக்கிளுக்குச் செயினே இல்லை… நான் உப்பிடிக் கீறுவனே?”

அவர் மனைவிக்குத்தான் தாங்கவில்லை. “நான் பொட்டோடை நிக்கிறன். என்ரை மனுசனைச் சாகடிச்செல்லோ விக்கிறாங்கள்… நாசமாப் போவாங்கள்!”

அதோடு முடிந்ததா? மாஸ்டரின் படங்களைக் கண்காட்சிக்கு வைக்க ஒப்புக்கொண்டிருந்த கொழும்புக்காரர்கள் அந்த ஏலக் குறிப்பைப் பார்த்துப் பின்வாங்கிவிட்டார்கள். காலமானவர் பெயரில் புதுப் படங்கள் எப்படி வரும் என்று சந்தேகமாம். அதாவது, கள்ளப் படம் அசல் – மாஸ்டர் தன் கையால் கீறியது கள்ளம்! ஏலத் தளத்துக்கு முறையிட்டோம். வாங்கியவர் முறையிட்டால்தான் விசாரிப்பார்களாம்.

முறையிடச் சொல்லலாம் என்று உடனே ரவிக்கு போன் எடுத்தேன். மாஸ்டர் இருக்கிறார் என்றதும் சந்தோஷத்தில் கத்துவான் என்று பார்த்தால்…

“உதைப் பெரிசாக்காதை மச்சான். அவர் உயிரோடை இருக்கிறார் எண்டு தெரிஞ்சா இந்தப் படத்தை இனி ஆர் வேண்டுவினம்? கொஞ்சக் காலம் உதைப் பற்றிக் கதையாமல் இரு.”

கொஞ்சக் காலமா? எதுவரை? அந்த மனிதர் உண்மையிலேயே சாகும்வரையா? கள்ளப் படம் கீறியவன் எவனோ. அவனுக்கு எங்களைத் தெரியாது. இவனுக்கு பிரஷ் பிடிக்கப் பழக்கியதே மாஸ்டர்தான்.

சரி ரவி, கதைக்கவில்லை. எழுதுகிறேன் – குகன் மாஸ்டர் நீர்வேலியில் உயிரோடு, சுகமாக இருக்கிறார். இன்று காலையும் படம் கீறினார்!