குண்டு போடுகிறவரின் தம்பி

முதலில் என் முட்டாள்தனத்தை நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அதைக் கண்டுபிடித்த பெருமை உங்களுக்கு வேண்டாம். மைசூருக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. கன்னடத்தில் பாதி வார்த்தைகள் தமிழ்போலவே இருப்பதால், மீதிப் பாதியையும் தமிழ் என்றே வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டுகிறவன் நான். அந்த வண்டி போன மாதம் அக்ரஹாரத்தில் ஒரு வீட்டு வாசலில் குடைசாய்ந்தது.

ஊரில் தனியாக இருக்கும் அண்ணனை எங்களோடு வைத்துக்கொள்ள வேண்டும். பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தவர். எல்லையில் நடந்த சண்டையில் புகுந்த இரும்புத் துணுக்குகள் இன்னும் அவர் முழங்காலில் இருக்கின்றன. நாங்கள் இருப்பதோ மூன்றாவது மாடி. தரைத்தள வீடாகத் தேடியதில் அக்ரஹாரத்தில் ஒன்று அகப்பட்டது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அண்ணன் மிலிட்டரி என்றதும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

“நிம்ம அண்ணா குண்டு ஹாக்தாரா?”

ஹாக்தாரா என்றால் போடுவாரா. குண்டு, நம் குண்டு. இதிலென்ன சந்தேகம்? “ஹௌது சார், ஹதினேளு வர்ஷா” என்றேன், ஆமாம், பதினேழு வருடம் என்று. தினமுமா என்றார். சண்டை என்று வந்தால் நேரம் காலம் பார்க்கமாட்டார் என்றேன். இப்போதுமா என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அரசாங்கம் கொடுத்தால் இப்போதும் தயார் என்று கன்னடத்தில் முழங்கினேன். அவர் “நோடோணா” என்றார். பார்க்கலாம் என்று அர்த்தம். நான் சமையலறை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

நிமிர்ந்த அந்த நெஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வேலூர்ப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பார். ஆளெடுப்பில் என் மார்பளவு போதாதென்று திருப்பி அனுப்பினார்கள். அன்றிலிருந்து அண்ணனின் சண்டையை நான்தான் வாயால் போட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் ஒரு வரி சொன்னதில்லை. போன வருடம் ஒரு வாரம் எங்களோடு தங்கினார். குக்கர் விசில் அடித்ததும் சாப்பாட்டுத் தட்டை விட்டுவிட்டுச் சுவரோரம் குந்திவிட்டார். நான் சிரித்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து மூன்று மாடியும் இறங்கிப் போனார். திரும்பியபோது வாயில் ஏலக்காய் மணத்தது. தினமும் ஒரு விசில், தினமும் ஏலக்காய். மிலிட்டரிக்காரர்களுக்கு ஜீரணத்தில் எவ்வளவு அக்கறை என்று மனைவியிடம் வியந்தேன். அவள் என்னையே பார்த்தாள்.

வீடு பார்த்த கதையை வேலையிடத்தில் சொன்னபோது, தமிழும் கன்னடமும் தெரிந்த ஹனூர்க்கார நண்பர் குடித்த டீயைத் துப்பிவிட்டார்.

“இங்க குண்டு போடறதுன்னா தண்ணியடிக்கறதுங்க. தெனமும் அடிப்பாரு, கவர்மெண்டு குடுத்தா இன்னமும் அடிப்பாருன்னு சொல்லிப்போட்டு வந்திருக்கீங்க.”

விழுந்தடித்து ஓடினேன். என் தலையில் கைவைத்து வாத்தியாரிடம் சத்தியம் செய்தேன்: அண்ணன் அந்தக் குண்டைத் தொட்டதே இல்லை, அவர் போட்டது அசல் குண்டு. வாத்தியார் வயிறு குலுங்கச் சிரித்தார். தேசத்துக்காகப் போட்டவருக்கு வீடு இல்லை என்பேனா என்று சாவியை என் கையில் வைத்தார்.

வாசலில் நின்றபடியே அண்ணனுக்குப் போன் போட்டு, வாத்தியார் குரலிலும் என் குரலிலுமாக முழுக்கதையையும் நடித்துக் காட்டினேன். மறுமுனையில் சிரிப்பே இல்லை. சிக்னல் இல்லையோ என்று நினைத்து இன்னும் உரக்கக் கேட்டேன்:

“நீயே சொல்லுண்ணா, நீ போட்டது எந்தக் குண்டு?”

“ரெண்டும்தான்டா, சாவியத் திருப்பிக் குடுத்துடு.”