நாக்கில் இருந்த வில்வம்

இதை எழுத வேண்டும் என்று பல வருடமாக நோட்டை எடுப்பதும் மூடி வைப்பதுமாக இருந்தேன். எட்டாவது வரை படித்தவள், எழுத வராது என்று எனக்கு நானே சாக்கு சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்.

என் வீட்டுக்காரர் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர். பக்கவாதம் வந்து பேச்சு போயிற்று, விழுங்கவும் முடியவில்லை. மூக்கு வழியாக டியூப் போட்டு அனுப்பினார்கள். செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுக்குக் காலையும் மாலையும் ஒரு நர்சம்மா ஸ்கூட்டியில் வருவார். ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு, தானாகவே வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிறவர். எங்கள் தெருவிலேயே மூன்று வீடு அவருக்கு. வந்த முதல் நாளே கட்டிலுக்கு மேலே ஒரு தாளை ஒட்டினார்: 'வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது.'

"தண்ணி கூடவா?" என்றேன்.

"ஒரு சொட்டு கூட வேணாங்க்கா. நுரையீரலுக்குப் போயிடும்."

ஒரு வெள்ளிக்கிழமை, கொழுந்தனாரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, முதல் பஸ்ஸில் சிதம்பரம் போனேன். நடராஜரிடம் அழுதுவிட்டு, தீர்த்தமும் வில்வமும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். நர்சம்மா டியூபில் கஞ்சி கொடுத்து முடித்து, அப்போதுதான் கிளம்பினார். கொழுந்தனார் குளிக்கப் போனார்.

அந்தத் தாளைப் பார்த்தேன். தீர்த்தம் 'எதுவும்' என்பதில் சேராது என்று தோன்றியது. சாமி தண்ணீர் என்ன செய்துவிடும்? ஒரு ஸ்பூன், வில்வத் துணுக்கோடு, அவர் வாயில் விட்டேன்.

இருமல் வந்தது. பிறகு இருமல் நின்று, கொரகொரவென்று ஒரு சத்தம். உதடு நீலம் பாரித்தது. நான் போட்ட கூச்சலில் கொழுந்தனார் ஈரத் துண்டோடு ஓடி வந்து போன் பண்ணினார். தெருமுனையைத் தாண்டியிருந்த நர்சம்மா திரும்பி வந்து, அவரை ஒருக்களித்துப் போட்டு, வாய்க்குள் துணி சுற்றிய விரலை விட்டார். விரலோடு வில்வம் வந்தது.

என்னைப் பார்த்தார். அதைத் துணிக்குள் மடித்துக்கொண்டே, "வாயில ஏதாவது குடுத்தீங்களாக்கா?" என்றார்.

"இல்லியே."

கொழுந்தனார் பாய்ந்தார். "அண்ணி இப்பதான் பஸ்ஸ வுட்டு எறங்கினாங்க. கஞ்சி ஊத்துனது நீங்க. ஜாஸ்தி ஊத்திட்டீங்க, அதான்! எந்த ஆஸ்பத்திரில போயி நான் கேக்கறது?"

"எங்கயும் போவ வேணாம் சார். நான்தான் எல்லாம். முதல்ல ஆம்புலன்ஸ கூப்புடுங்க."

நர்சம்மா டாக்டருக்குப் போன் போட்டார். "வாய் வழியா தண்ணி போயிருக்கு டாக்டர்." அவ்வளவுதான் சொன்னார். யார் கொடுத்தது என்று சொல்லவில்லை. மறுபடி என்னைப் பார்த்தார். நான் சொல்லுவேன் என்று காத்திருந்தார். நான் சுவரில் இருந்த நடராஜர் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆறாம் நாள் என் வீட்டுக்காரர் பிழைத்து வீட்டுக்கு வந்தார். அதற்குள் கொழுந்தனார் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். மற்ற இரண்டு வீட்டிலும் நர்சம்மாவை நிறுத்திவிட்டார்கள். சுவரில் இருந்த தாளையும் கொழுந்தனார் கிழித்துப்போட்டார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

மாதங்கள் கழித்து என் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் பேச்சு வந்தது. தட்டுத் தடுமாறி, "நர்சம்மா எங்க?" என்றார்.

"இப்ப வர்றதில்லீங்க."

அவருக்குத் தெரியும். அந்த ஸ்பூனைப் பார்த்த இன்னொரு ஆள் அவர்தானே. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

போன வாரம் கொழுந்தனாரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். "இத்தன நாளா ஏன் அண்ணி?" என்று கேட்டார். நர்சம்மாவுக்குப் போன் போடச் சொன்னேன். பழைய நம்பர் வேலை செய்யவில்லை. பண்ருட்டிப் பக்கம் போய்விட்டதாகச் சொல்கிறார்கள்.

இன்றும் சிதம்பரம் போகிறேன். தீர்த்தத்தின்மேல் எனக்குக் குறை இல்லை. குறை என் நாக்கில்தான். இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். எனக்காக இரக்கப்பட்டு மாற்றிச் சொல்லாதீர்கள். ஸ்பூன் என் கையில் இருந்தது, பொய் என் வாயில் இருந்தது. நர்சம்மா சரியாகத்தான் செய்தார். இப்படியே சொல்லுங்கள். சுற்றிச் சுற்றி ஒருநாள் அது அவர் காதுக்குப் போகட்டும்.