ரப்பர் பால்

கங்காணி முருகானந்தம் சந்திரமதியின் கொண்டையைப் பிடித்து ரப்பர் மரத்தில் மோதினான். நெற்றி பிளந்தது. பால் வெட்டும்போது தன் இடுப்பில் அவன் கை வைத்ததாக எஸ்டேட் மேனேஜரிடம் அவள் புகார் கொடுத்திருந்தாள். அன்றிலிருந்து செங்குத்தான சரிவு மரங்களைத்தான் அவளுக்கு ஒதுக்கினான்.

"சுப்! வாய மூடு. கம்ப்ளைண்ட வாபஸ் வாங்குடி. இல்லாட்டி ஒனக்கு மரமே இல்ல."

"ஏலாது."

மறுபடி கையை ஓங்கினான். அவள் பால் வாளியை அவன் தலையில் கவிழ்த்து, காலி வாளியாலேயே வாயில் அடித்தாள். பல் உடைந்து ரத்தம் கொட்டியது. பால் அவன் முடியில் ஒட்டி இறுகத் தொடங்கியது.

"கழுவினா போகாது கங்காணியாரே, செரைக்கத்தான் வேணும்."

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு அவன் மொட்டைத் தலையோடு வந்து பெயர் கூப்பிட்டான். அவள் பெயரைக் கூப்பிடவில்லை. நெற்றிக் கட்டோடு ஃபெர்ரி ஏறி போர்ட் பிளேர் போனவள், போலீஸில் புகார் கொடுத்துவிட்டு மாலையில் திரும்பினாள்.